பாக்சிங் டே கணக்கு: மான்செஸ்டர் யுனைடெட்டின் விடுமுறை ஆட்டங்கள்

1920 டிசம்பர் 27, திங்கட்கிழமை. தன் சொந்தத் திடலான ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி 1-3 என்று தோற்றது. அன்று திடலுக்குள் இருந்தவர்கள் 70,504 பேர். ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த லீக் ஆட்டங்களில் இந்த எண்ணிக்கை முறிய 2006 வரை ஆனது. இத்தனைக்கும் யுனைடெட் அந்தப் பருவத்தில் பட்டத்தின் பக்கமே போகவில்லை. இரண்டு நாள் முன்னால், கிறிஸ்துமஸ் அன்று, இதே வில்லாவை அதன் ஊரிலேயே போய் 4-3 என்று வென்றிருந்தது.

ஒரே எதிரணியோடு மூன்று நாளுக்குள் இரண்டு லீக் ஆட்டம், அதில் ஒன்று கிறிஸ்துமஸ் அன்றே. இன்று பார்ப்பவருக்கு விசித்திரமாக இருக்கும். அன்றைய மான்செஸ்டர்காரர்களுக்கு அது ஆண்டுதோறும் வரும் வழக்கம். 'பண்டிகைப் பாரம்பரியம்' என்று தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் உருகிச் சொல்வதன் அடியில் இருப்பது சட்டமும் ரயிலும் வசூலும்தான். கிளப்புக்குக் காசு எந்த வாசல் வழியாக வந்ததோ, அதற்கேற்றபடி விடுமுறை ஆட்டத்தின் உருவமும் மாறிக்கொண்டே வந்தது. யுனைடெட்டின் பழைய ஆட்ட முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும்.

ஏன் 26, ஏன் 27, ஏன் அதே அணி

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வழக்கத்தாலேயே விடுமுறை நாள். மறுநாளான டிசம்பர் 26, அதாவது பாக்சிங் டே, 1871-ல் வந்த வங்கி விடுமுறைச் சட்டத்தால் விடுமுறையானது. ஆலைத் தொழிலாளிக்கு மற்ற வாரங்களில் கிடைத்தது சனிக்கிழமை பிற்பகல் மட்டும். கால்பந்து லீக் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டதே அதனால்தான். அப்படியிருக்க, கையில் கொஞ்சம் காசோடு லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தாற்போல இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருக்கும் நேரத்தை எந்தக் கிளப் செயலாளராவது வீணாக்குவாரா?

1920-ல் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அப்படி வந்தால் விடுமுறை திங்கட்கிழமைக்குத் தள்ளப்படும். ஞாயிற்றுக்கிழமையில் கால்பந்து ஆடக் கால்பந்துச் சங்கம் அனுமதிக்கவில்லை. லீக் ஆட்டங்கள் ஞாயிறன்று நடந்தது 1974 ஜனவரியில்தான் முதல்முறை. எனவே 25 சனி, 27 திங்கள் என்று அமைந்தது. அதே விடுமுறையில்தான் லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க்கில் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த டிசம்பரிலேயே கால்பந்துச் சங்கம் தன் திடல்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. விடுமுறைக் கூட்டம் யாருக்கு வரலாம் என்பதிலும் ஒரு சண்டை இருந்தது என்பதற்கு அது சாட்சி.

அதே அணியோடு ஏன் இரண்டு ஆட்டம்? டிக்கெட் வசூலில் பெரும்பங்கு சொந்தத் திடல் வைத்திருக்கும் கிளப்புக்குப் போகும். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஏற்பாட்டில் வந்த அணிக்கு 20 சதவீதம் கிடைத்தது. விடுமுறைக் கூட்டம் ஆண்டில் ஓரிரு முறைதான் வரும் என்பதால் அந்தப் பெரிய வசூல் ஒரே கிளப்புக்குப் போனால் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இரண்டு அணிகளை ஜோடி சேர்த்து, ஒருநாள் உன் ஊர், மறுநாள் என் ஊர் என்று வைத்துவிட்டால் இருவருக்கும் ஒரு பெரிய வாயில் வசூல் உறுதி. அட்டவணை போடுபவருக்கும் வேலை சுலபம். மான்செஸ்டரில் இன்னொரு வசதியும் உண்டு: யுனைடெட் ஒருநாள் ஊரில் ஆடினால் ஊரின் இன்னொரு அணியான மான்செஸ்டர் சிட்டி அன்று வெளியூர் போகும், மறுநாள் மாறிக்கொள்ளும். ஊர்க்காரருக்கு இரண்டு நாளும் பார்க்க ஓர் ஆட்டம் கிடைக்கும்.

ஆட்ட நேரத்தையும் இந்த ஏற்பாடே தீர்மானித்தது. டிசம்பர் கடைசியில் மான்செஸ்டரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஓல்ட் டிராஃபோர்டுக்கு ஃபிளட்லைட் வந்தது 1957 மார்ச்சில். அதுவரை எல்லாம் பகல் வெளிச்சத்துக்குள் முடிய வேண்டும். கிறிஸ்துமஸ் ஆட்டங்கள் பெரும்பாலும் காலை 11 மணிக்குத் தொடங்கின. பார்த்தவர்கள் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆடியவர்கள் ரயிலேறி மறுநாள் ஆட்டத்துக்கான ஊருக்குப் போகலாம். சிலர் அந்தச் சாப்பாட்டை ரயில் பெட்டியில்தான் சாப்பிட்டார்கள்.

நியூட்டன் ஹீத் காலம்

பாக்சிங் டே கால்பந்து லீக்கை விடப் பழையது. 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்டின் சாண்டிகேட் திடலில் ஹாலம் அணியை ஷெஃபீல்டு அணி 2-0 என்று வென்றது. இரண்டு கிளப்புகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டமாகக் கருதப்படுவது அதுதான். லீக் 1888-ல் பிறந்தது. அடுத்த ஆண்டே கிறிஸ்துமஸ் அன்று பிரஸ்டனும் வில்லாவும் லீக் ஆட்டம் ஆடிவிட்டன.

யுனைடெட்டின் முன்னோடியான நியூட்டன் ஹீத் ரயில்வேத் தொழிலாளிகளின் அணி. அதற்கு விடுமுறை ஆட்டம் உயிர்நாடி. 1897 கிறிஸ்துமஸ் அன்று மான்செஸ்டர் சிட்டியை அதன் திடலான ஹைட் ரோடில் 1-0 என்று வென்றது. மறு ஆண்டு பாக்சிங் டேயில் அதே திடலில் 0-4 என்று வாங்கிக்கொண்டு திரும்பியது. இரண்டுமே இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள். உள்ளூர் அணிகள் இரண்டை விடுமுறையில் மோதவிட்டால் ரயில் செலவும் மிச்சம், கூட்டமும் இரட்டிப்பு.

1902 ஜனவரியில் 2,670 பவுண்டு கடனுக்காக நியூட்டன் ஹீத்தைக் கலைக்கும் உத்தரவு வந்தது. ஜே. எச். டேவிஸ் என்ற மதுபான ஆலை அதிபர் காப்பாற்றினார். ஏப்ரலில் பெயர் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது. புதுப் பெயரில் சிட்டியோடு முதல் மோதல் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்றே, யுனைடெட்டின் அப்போதைய பேங்க் ஸ்ட்ரீட் திடலில். 1-1. கூட்டம் 40,000 என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து எண்கள் ஆயிரக்கணக்கில் முழுமையாக்கப்பட்டவை, அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறைந்தபட்ச நுழைவுக் கட்டணம் 6 பென்ஸ். 240 பென்ஸ் ஒரு பவுண்டு. நாற்பதாயிரம் பேர் என்றால் ஏறக்குறைய 1,000 பவுண்டு. பையன்களுக்குக் கட்டணம் குறைவு என்று பாதியைக் கழித்தால்கூட 500. ஆட்டக்காரருக்கு வாரச் சம்பளம் அதிகபட்சம் 4 பவுண்டு என்று கால்பந்துச் சங்கம் கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. பதினோரு பேருக்கு வாரம் 44 பவுண்டு. ஒரே கிறிஸ்துமஸ் காலையில் பதினோரு வாரத்துச் சம்பளம் வந்துவிடும். 2,670 பவுண்டுக்குக் கதவை மூடவிருந்த கிளப்புக்கு இது எப்படிப்பட்ட தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

புத்தாண்டு நாள் இங்கிலாந்தில் சட்டப்படி விடுமுறையானது 1974-ல்தான். ஆனாலும் அன்று ஆடும் வழக்கம் வடக்கே முன்பே இருந்தது. யுனைடெட்டின் புத்தாண்டு ஆட்டங்களில் முக்கியமானது 1907 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை. உச்சவரம்பை மீறிச் சம்பளம் கொடுத்ததற்காகச் சிட்டியின் 17 ஆட்டக்காரர்களைக் கால்பந்துச் சங்கம் இடைநீக்கம் செய்திருந்தது. அந்தத் தடை 1906 டிசம்பரோடு முடிந்தது. தடைக் காலத்திலேயே அவர்களில் நால்வரை யுனைடெட் எடுத்து வைத்திருந்தது: பில்லி மெரிடித், சாண்டி டர்ன்புல், ஹெர்பர்ட் பர்ஜஸ், ஜிம்மி பானிஸ்டர். தடை முடிந்த மறுநாளே நால்வரும் களத்தில். பேங்க் ஸ்ட்ரீட் நிரம்பி வழிந்தது. டர்ன்புல் கோலடிக்க யுனைடெட் 1-0. எதிரணி ஆஸ்டன் வில்லா. அந்த அணியின் கேப்டனுக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாகச் சொல்லித்தான் மெரிடித் முதலில் மாட்டியிருந்தார். அடுத்த பருவத்தில் கிளப்பின் முதல் லீக் பட்டம் வந்தது.

ஈஸ்டரும் இதே கணக்கில் சேரும். புனித வெள்ளி, சனி, ஈஸ்டர் திங்கள் என்று நான்கு நாளில் மூன்று ஆட்டம். வெள்ளியும் திங்களும் பெரும்பாலும் ஒரே எதிரணி. 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளியன்று ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூலை யுனைடெட் 2-0 என்று வென்ற ஆட்டம் வெட்கத்தோடு நினைக்கப்படுவது. 2-0 என்ற முடிவின் மேல் முன்கூட்டியே பந்தயம் குவிந்திருந்தது. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டி கோலுக்கு வெகு தூரத்தில் போனது. விசாரணையில் இரு அணிகளிலும் சேர்த்து ஏழு பேருக்கு ஆயுள் தடை. அவர்களில் டர்ன்புல்லும் ஒருவர். 1917-ல் அவர் போர்முனையில் இறந்தார். இன்னொரு யுனைடெட்காரரான இனாக் வெஸ்ட்டின் தடை 1945 வரை நீங்கவில்லை. அந்த இரண்டு புள்ளிகளோடு யுனைடெட் முதல் டிவிஷனில் தங்கியது. செல்சியை விட ஒரே ஒரு புள்ளி அதிகம்.

வான்கோழியும் ஏழு கோலும்

விடுமுறை வசூல் என்றால் என்ன என்று ஒரே ஓர் ஆண்டைக் காட்டி விளக்கச் சொன்னால் 1931-ஐத்தான் காட்ட வேண்டும். முந்தைய பருவத்தை முதல் பன்னிரண்டு லீக் ஆட்டங்களிலும் தோற்றுத் தொடங்கிய யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. புதிய பருவத்தில் ஓல்ட் டிராஃபோர்டின் முதல் ஆட்டத்துக்கு, சவுத்தாம்ப்டனுக்கு எதிராக, வந்தவர்கள் 3,507 பேர். அறுபதாயிரம், எழுபதாயிரம் பேரைக் கொள்ளும் திடல் அது. டிசம்பரில் வங்கி கையை விரித்தது. கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்குப் போனபோது பணம் இல்லை.

சீருடை தைக்கும் தொழில் நடத்திய ஜேம்ஸ் கிப்சன் என்ற மான்செஸ்டர் வணிகர் 2,000 பவுண்டைக் கொண்டுவந்தார். சம்பளம் போடப்பட்டது, ஆட்டக்காரர்களின் வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் வான்கோழியும் போனது. கிறிஸ்துமஸ் அன்று வுல்வ்ஸ் வந்தது, அந்தப் பருவத்தில் இரண்டாம் டிவிஷன் பட்டத்தை வெல்லவிருந்த அணி. கிப்சனின் பணம் வந்த செய்தியோடு விடுமுறையும் சேர்ந்துகொள்ள, சுமார் 33,000 பேர். செப்டம்பரில் வந்ததைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். யுனைடெட் 3-2 என்று வென்றது.

மறுநாள் அதே வுல்வ்ஸிடம் அதன் திடலான மோலினியூவில் 0-7.

இந்த ஊசலாட்டம் விடுமுறை ஜோடி ஆட்டங்களின் தனிக் குணம். 1933-ல் கிரிம்ஸ்பியிடம் ஊரில் 1-3, மறுநாள் அங்கே போய் 3-7. 1955-ல் சார்ல்டனை 5-1 என்று நொறுக்கிவிட்டு மறுநாள் லண்டனில் 0-3. அந்தப் பருவத்தின் சாம்பியனே யுனைடெட்தான். திறமை ஒரே இரவில் ஆவியாகிவிடாது. காரணங்கள் சாதாரணமானவை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுபவை.

முதலாவது, மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இங்கிலாந்து லீக்கில் 1965 வரை கிடையாது. முதல் நாள் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் அவரை விங்கில் ஓரமாக நிற்கவைத்துவிட்டு மற்ற பத்துப் பேரும் அவருடைய ஓட்டத்தையும் சேர்த்து ஓடுவார்கள். மறுநாள் அந்தப் பத்துப் பேரின் கால்கள் எப்படி இருக்கும்? ரிசர்வ் அணியிலிருந்து ஆள் எடுக்கலாம்தான், ஆனால் விடுமுறையில் ரிசர்வ் அணிக்கும் ஆட்டம் இருக்கும். கடுமையாக ஓடியபின் தசையில் சேமித்த சர்க்கரை பழைய அளவுக்கு நிரம்ப இரண்டு மூன்று நாளாகும். இடையில் இருப்பதோ ஒரு ராத்திரியும் ஒரு ரயில் பயணமும். அடுத்தது தரை. டிசம்பர் கடைசியில் கோல் முனைகளில் புல் போய்ச் சேறுதான் மிஞ்சும், தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ராத்திரி உறைபனி விழுந்தால் அதே சேறு காலையில் கல்லாகியிருக்கும். தடுப்பாட்டக்காரர் திரும்பத் தாமதமாகும்போது கோல்கள் கொத்தாக விழும். கடைசியாக, நேற்று உதைத்தவனையே இன்று பார்க்கிறோம் என்ற கணக்குத் தீர்ப்பு. நடுவர்கள் மறுநாள் ஆட்டத்துக்குக் கொஞ்சம் கவலையோடுதான் போயிருப்பார்கள்.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்த நாள் 1963 டிசம்பர் 26. முதல் டிவிஷனின் பத்து ஆட்டங்களில் 66 கோல். ஃபுல்ஹம் 10, இப்ஸ்விச் 1. பிளாக்பர்ன் வெஸ்ட் ஹாமின் ஊரில் போய் 8-2. லிவர்பூல் ஸ்டோக்கை 6-1. யுனைடெட் அன்று பர்ன்லியில் இருந்தது: 1-6, அதில் ஆண்டி லாக்ஹெட் மட்டும் நான்கு. இரண்டு நாள் கழித்துத் திருப்பு ஆட்டம். யுனைடெட் மேலாளர் மேட் பஸ்பி அணியை மாற்றினார். கிறிஸ்துமஸுக்கு பெல்ஃபாஸ்டில் அப்பா அம்மா வீட்டுக்குப் போயிருந்த 17 வயதுப் பையனைத் தந்தி கொடுத்து வரவழைத்தார். செப்டம்பரில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருந்தவன் அவன், பெயர் ஜார்ஜ் பெஸ்ட். 28-ஆம் தேதி யுனைடெட் 5, பர்ன்லி 1. பெஸ்ட் தன் முதல் கோலை அடித்தார், அதன்பின் அணியை விட்டு வெளியே போகவில்லை. அன்றே இப்ஸ்விச்சும் ஃபுல்ஹமை 4-2 என்று திருப்பி அடித்தது. வெஸ்ட் ஹாம் பிளாக்பர்னில் போய் 3-1 என்று வென்றது. ஜோடி ஆட்டம் ஏன் பிடிவாதமான சமன்பாடு என்பதற்கு இந்த இரண்டு நாள் அட்டவணையே போதும்.

கிறிஸ்துமஸ் விட்டுப் போனது

யுனைடெட் கிறிஸ்துமஸ் அன்று கடைசியாக ஆடியது 1957-ல். லூட்டனை ஓல்ட் டிராஃபோர்டில் 3-0 என்று வென்றது. டங்கன் எட்வர்ட்ஸ், பாபி சார்ல்டன், டாமி டெய்லர் ஆளுக்கொரு கோல். மறுநாள் லூட்டனில் 2-2. ஒருநாள் இடைவெளி விட்டு, சிட்டியின் அப்போதைய திடலான மெயின் ரோடில் சிட்டியோடு இன்னொரு 2-2. நான்கு நாளில் மூன்று ஆட்டம். கோல்கீப்பர் ஹாரி கிரெக் அணிக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு வாரம் கழித்து, அணி பயணம் செய்த விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளானது. எட்வர்ட்ஸும் டெய்லரும் அதில் உயிரிழந்தார்கள்.

கூட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் அன்று, நடப்புச் சாம்பியனைப் பார்க்க, சுமார் 39,000 பேர். 28-ஆம் தேதி சனிக்கிழமை சிட்டி ஆட்டத்துக்கு 70,000. உள்ளூர் மோதல் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கிறிஸ்துமஸ் காலை இப்போது கூட்டம் சேர்க்கும் நாளாக இல்லை. பஸ்ஸும் ரயிலும் அன்று குறைந்துகொண்டே வந்தன. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. ஆட்டக்காரர்களும் குடும்பத்தோடு இருக்க விரும்பினார்கள். இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஃபிளட்லைட் என்பது என் கருத்து. புதன்கிழமை இரவு விளக்கு வெளிச்சத்தில் நாற்பதாயிரம் பேரைக் கூட்ட முடியும் என்றான பிறகு, வேலையில்லாத பகலுக்காக ஏங்க வேண்டிய அவசியம் கிளப்புகளுக்கு இல்லை. 1957-தான் கிறிஸ்துமஸ் நாளில் ஆட்டங்கள் முழு வரிசையாக நடந்த கடைசி ஆண்டு. அதன்பின் அங்கங்கே சில. முதல் டிவிஷனில் கடைசி 1965-ல், பிளாக்பூல் 4 பிளாக்பர்ன் 2. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் 1958 வரை பொது விடுமுறையே இல்லை, அங்கே கதை வேறு. 1976 வரை ஆடியிருக்கிறார்கள்.

அதே 1957-ன் ஈஸ்டரில் பழைய விடுமுறை அட்டவணையும் புதிய காலமும் நேருக்கு நேர் மோதின. புனித வெள்ளியன்று பர்ன்லியில் 3-1. மறுநாள் சண்டர்லாந்தை 4-0 என்று வென்று லீக் பட்டம் உறுதி. திங்கட்கிழமை மறுபடி பர்ன்லி. ஆனால் வியாழக்கிழமை ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்துக்கு ரியல் மாட்ரிட் வருகிறது. பஸ்பி வழக்கமான அணியில் பெரும்பாலோரை உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை இறக்கினார். அவர்களும் 2-0 என்று வென்றார்கள். ஐரோப்பா ஒருபக்கம், விடுமுறை ஆட்டம் இன்னொரு பக்கம் என்ற இந்த இழுபறி எழுபது ஆண்டாகியும் தீரவில்லை.

குளிர்காலம் தன் பங்குக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். 1962 பாக்சிங் டேயில் யுனைடெட் ஃபுல்ஹமில் போய் 1-0 என்று வென்றது. அன்றிலிருந்து நாடே உறைந்தது. அடுத்த லீக் ஆட்டம் 1963 பிப்ரவரி 23-ல்தான். திடலில் வைக்கோல் பரப்புவதும் கரி அடுப்பு மூட்டுவதும் எல்லாம் லேசான உறைபனிக்குச் சரி; மண்ணுக்குள் ஓரடி ஆழம் இறுகிவிட்டால் பயனில்லை. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டமே மே 25-க்குத் தள்ளிப்போனது. அந்தக் கோப்பையை வென்றது யுனைடெட்.

இருபத்துநாலு மணி நேரம்

ஜோடி எதிரணி முறை அறுபதுகளோடு மெல்ல மறைந்தது. ஆனால் அடுத்தடுத்த நாள் ஆடுவது நிற்கவில்லை. 1977-ல் பாக்சிங் டே அன்று எவர்ட்டனில் போய் 6-2. மறுநாளே ஊரில் லெஸ்டரை 3-1. 1978-ல் லிவர்பூலிடம் 0-3, நான்கு நாளில் வெஸ்ட் பிராமிடம் 3-5, இரண்டும் ஓல்ட் டிராஃபோர்டில். ஊர்க்காரர்கள் அந்த வாரத்தை எளிதில் மறக்கவில்லை.

இந்த வகையில் சுத்தமான உதாரணம் 1986. அலெக்ஸ் ஃபெர்குசன் மேலாளராகப் பொறுப்பேற்று ஏழு வாரம். பாக்சிங் டேயில், நார்மன் வைட்சைடு அடித்த ஒரே கோலில், நடப்புச் சாம்பியன் லிவர்பூலை அதன் திடலான ஆன்ஃபீல்டிலேயே யுனைடெட் வீழ்த்தியது. அந்தப் பருவம் முழுவதும் வெளியூரில் யுனைடெட் வென்ற லீக் ஆட்டம் அது ஒன்றுதான். மறுநாள் சொந்த ஊரில் நாரிச்சிடம் 0-1. அப்போது உட்காரவைக்க அனுமதி ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரருக்குத்தான்.

1991-ல் பாக்சிங் டே அன்று ஓல்டமில் 6-3 வெற்றி. புத்தாண்டு நாளில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் ஊரில் 1-4, டென்னிஸ் பெய்லி என்பவர் ஹாட்ரிக். அந்தப் பருவத்தின் பட்டம் கடைசியில் லீட்ஸுக்குப் போனது. மறு ஆண்டு ஷெஃபீல்டு வெட்னஸ்டேயில் 0-3 என்று பின்தங்கி, புதிதாக வந்திருந்த எரிக் கான்டோனாவின் கோலில் 3-3. இம்முறை பட்டம் வந்தது.

முதல் டிவிஷனின் இடத்துக்குப் பிரீமியர் லீக் வந்தபின் காசு வரும் வாசல் மாறியது. 1995 டிசம்பர் 24, ஞாயிறு. தொலைக்காட்சிக்காக லீட்ஸில் ஆடிய யுனைடெட் 1-3 என்று தோற்றது. வாயில் வசூலுக்காக மட்டும் என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எந்தக் கிளப்பும் கேட்டிருக்காது. எதிர்ப்பு பலமாக இருந்தது. அதன்பின் உச்ச டிவிஷன் அந்தத் தேதியைத் தொட 2023 ஆனது, வுல்வ்ஸும் செல்சியும் ஆடிய ஆட்டம். 1995-ல் யுனைடெட்டின் வாரத்தைத் தொடர்ந்தால்: 27-ல் நியூகாசிலை 2-0, 30-ல் ரேஞ்சர்ஸை 2-1, ஜனவரி 1-ல் டாட்டன்ஹாமிடம் 1-4. ஒன்பது நாளில் நான்கு ஆட்டம், இரண்டு தோல்வி. இருந்தும் பட்டம் வென்றார்கள், ஏனென்றால் போட்டியாளர்களும் அதே ஆலையில்தான் அரைபட்டார்கள்.

பெரிய கிளப்புகளுக்கு இந்தக் காலத்தில் கிடைத்த ஆயுதம் ஆள்பலம். 2002-ல் மிடில்ஸ்பரோவில் 1-3 என்று தோற்ற பிறகு, 2015-ல் ஸ்டோக்கில் 0-2 என்று தோற்கும்வரை, டிசம்பர் 26 அன்று ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் யுனைடெட் வென்றது. அவற்றுள் 2012-ல் நியூகாசிலுக்கு எதிராக மூன்று முறை பின்தங்கி ஹாவியர் ஹெர்னாண்டஸின் கடைசி நிமிட கோலில் 4-3 என்று முடிந்தது பலரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இருபத்தைந்து பேரைச் சுழற்றி ஆடவைக்கக்கூடிய அணிக்கு நெருக்கடியான வாரம் ஒருவகையில் சாதகம். பதினாறு பேரை வைத்துச் சமாளிக்கும் அணிக்கு அது இல்லை. சுழற்சி கைவிட்ட நாளும் உண்டு. 2011-ல் பெர்பதோவ் ஹாட்ரிக்கோடு விகனை 5-0 என்று வென்ற யுனைடெட், டிசம்பர் 31-ல், ஃபெர்குசனின் எழுபதாவது பிறந்தநாளில், புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த பிளாக்பர்னிடம் ஊரிலேயே 2-3 என்று தோற்றது. காயங்களால் நடுக்கள ஆட்டக்காரர் மைக்கேல் கேரிக் தடுப்பில், பின்களக்காரர் ரஃபேல் நடுக்களத்தில். அந்தப் பருவத்தின் பட்டம் கோல் வித்தியாசத்தில் சிட்டிக்குப் போனது என்பதால் இந்த ஒரு பிற்பகல் யுனைடெட்காரர்களுக்கு இன்னும் உறுத்தும்.

இப்போதைய விதிகள்

அட்டவணை தயாரிப்பில் இன்றும் சில பழைய விதிகளின் சாயல் தெரியும். பாக்சிங் டேயில் ஊரில் ஆடினால் புத்தாண்டையொட்டி வெளியூர் என்பது வழக்கம். ஒரே நகரத்தின் இரு அணிகளும் ஒரே நாளில் ஊரில் ஆடாமல் பார்த்துக்கொள்வார்கள். காவல்துறைக்கு ஆள் போதாது. டிசம்பர் 26 அன்று பிரிட்டனில் பெரும்பாலான ரயில்கள் ஓடாது என்பதால் தொலைதூர எதிரணியைத் தவிர்க்க முயல்வார்கள், எப்போதும் முடிவதில்லை. வெளியூர் ரசிகர்களுக்குக் காரும் வாடகைப் பேருந்தும்தான் கதி. இரவு 8 மணி ஆட்டம் என்றால் வீடு சேர நள்ளிரவாகும்.

ஓய்வு நேரத்துக்கு இப்போது எழுத்தில் வரம்பு உண்டு. 2024-25 பருவத்துக்கு, பண்டிகைக் காலச் சுற்றுகளில் எந்தக் கிளப்பும் 60 மணி நேரத்துக்குள் மறுபடி ஆட வேண்டியிராது என்று பிரீமியர் லீக் அறிவித்தது. 1986-ன் இருபத்துநாலு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஐரோப்பியப் போட்டிகள் பெருத்து வாரநடு நாட்களை விழுங்கியதால் இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதே இப்போது சிக்கல்.

அதன் விளைவு 2025-ல் தெரிந்தது. டிசம்பர் 26 வெள்ளிக்கிழமை. லீக்குக்கு 33 வார இறுதிகளும் 5 வாரநடுச் சுற்றுகளும்தான் மிஞ்சின என்று காரணம் சொல்லி, அன்று ஒரே ஓர் ஆட்டம் வைத்தார்கள்: ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட்டும் நியூகாசிலும், இரவு 8 மணி. மீதி ஆட்டங்கள் வார இறுதிக்குப் போயின. 2019 முதல் சில ஆண்டுகள் பாக்சிங் டே சுற்றின் எல்லா ஆட்டங்களையும் அமேசான் நேரலையில் காட்டி வந்தது. அந்த ஒப்பந்தம் 2024-25-ஓடு முடிந்துவிட்டது. பத்து ஆட்டமும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று பணம் கொடுத்துக் கேட்க ஆள் இல்லாதபோது, அந்தப் பழக்கத்தைக் காப்பாற்ற லீக்குக்கும் அவசரம் இல்லை. ஒற்றை ஆட்டத்துக்கு யுனைடெட்டைத் தேர்ந்ததும் அதே தராசில்தான்.

2026-ல் டிசம்பர் 26 சனிக்கிழமையில் வருகிறது. அப்போது அதிக ஆட்டங்கள் இருக்கும் என்று லீக் உறுதி சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையாக ஒளிபரப்ப வழக்கமாகத் தடை உண்டு. சின்ன கிளப்புகளின் வாயில் வசூலைக் காக்க வந்த ஏற்பாடு அது. ஆகவே 3 மணிக்கு வைக்கும் ஆட்டத்தை மான்செஸ்டரில் இருப்பவர் டிக்கெட் வாங்கித் திடலுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அப்போது இரவு 8.30, தடை இங்கே செல்லாது.